மூலையில் ஒரு பொட்டு மஞ்சள்

சறோ மச்சாளின் மோதிர விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதைத்தான் நான் முதலில் கண்டேன்.

பிறகுதான் மேசையைப் பார்த்தேன். எங்கள் தையற்கடையின் நீள மேசையில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் மேரியனின் துணி விரிந்து கிடந்தது. கறுப்பும் கபிலமும் சாம்பலுமாக, நரம்பு நரம்பாகப் பதிந்த இலைகள். வலதுபக்கக் கீழ் மூலையில், இலை எதுவும் இல்லாத வெறும் துணியில், அப்போதுதான் தொட்டு வைத்த மஞ்சள் பொட்டு ஈரமாக இருந்தது.

"என்ன மச்சாள் செய்துபோட்டியள்?"

"ஏன், கத்தரி வைக்கப் போறம் எல்லே? புதுத்துணி. நல்ல காரியத்துக்குத் தைக்கிறது. மஞ்சள் வைக்காமல் வெட்டுறதே?"

"உது ஆரின்ரை துணி எண்டு தெரியுமே உங்களுக்கு?"

"ஆரின்ரை எண்டால் என்ன? துணி துணிதானே. மடிச்சுத் தைக்கேக்குள்ளை மூலை உள்ளுக்குப் போயிடும்."

மூலை உள்ளுக்குப் போகாது. அந்தத் துணியின் கீழ்க்கரையை மடிக்கவே கூடாது, அப்படியே தொங்கவிட வேண்டும் என்று மேரியன் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் அதை மச்சாளுக்குச் சொல்ல வாய் திறந்தேன். வந்ததெல்லாம் கத்தல்தான். பக்கத்துக் கடையில் இடியப்பம் பார்சல் கட்டிக்கொண்டிருந்த ரகு அண்ணை கையில் ரப்பர் பேண்டோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு நான் கத்தியது பிழை என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். அதுக்குக் கத்தாமல் வேறு எதுக்குக் கத்துவது?

கடைக்கதவின் மணி அடித்தது. வாசலில் மேரியன் நின்றார்.

இலை அவித்த பெண்கள்

வாசலில் மேரியன் நிற்கட்டும். அவர் யார் என்று சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னை ஏசுவீர்கள். போன கிழமை இந்தப் பத்தியில் என் முதல் குளிர்காலச் சப்பாத்தைப் பற்றி எழுதிவிட்டு, சப்பாத்து வாங்கித் தந்தது யார் என்று சொல்ல மறந்ததற்கே பிக்கரிங்கில் இருந்து ஒரு அன்ரி போன் எடுத்துப் பிடிபிடியென்று பிடித்தார்.

எங்கள் கடை ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில் இருக்கிறது. ஒரு நகைக்கடை, ஒரு மரக்கறிக்கடை, ரகு அண்ணையின் டேக்-அவுட், நடுவில் நாங்கள். நாங்கள் என்றால் நானும் என் கணவரின் அக்கா சறோ மச்சாளும். சேலைச் சட்டை தைப்போம், சேலைக்கு ஃபோல்ஸ் அடிப்போம், கல்யாணத்துக்கு முதல்நாள் கண்கலங்கிக்கொண்டு வரும் பொம்பிளைகளுக்குச் சட்டையைப் பெருப்பித்துக் கொடுப்போம். பெருப்பிக்கிற வேலைதான் கூட.

ஒரு வசந்தகாலத்து முன்மதியம், சேறு அப்பிய ரப்பர் சப்பாத்தோடு ஒரு பெண் கடைக்குள் வந்தார். என் வயதுதான் இருக்கும். நரைத்த பின்னல் இடுப்பு வரை. கண்ணாடிக்குள் தொங்கிய சேலைகளை நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு நீளத் துணியைத் தையல் வெளியே தெரியாமல் தைப்பீர்களா?" என்று கேட்டார். நான் என் தமிழில் எழுதுகிறேன். அவர் கேட்டது ஆங்கிலத்தில்.

"ஆறு யார்ட் சேலைதான் எங்கள் அளவு. அதிலும் குறைந்தால்தான் எங்களுக்குக் கை ஓடாது" என்றேன்.

கடை அதிரச் சிரித்தார். அவர்தான் மேரியன்.

மேரியனின் ஆட்கள் அனிஷ்னாபே மக்கள். இந்த நாட்டுக்கு ஒருவரும் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள். தாய் ஹூரன் ஏரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தவர். மேரியன் ஸ்காபரோவில் நாங்கள் முதன்முதலில் இருந்த மாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில்தான் வளர்ந்திருக்கிறார். தன்னைப் போன்ற சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கட்டடத்தின் நிலவறையில் துணியில் ஓவியம் செய்கிறார். தூரிகை இல்லை, பெயின்ற் இல்லை. ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வளரும் செடிகள் மட்டும்தான்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஆற்றங்கரையில் சுமாக் புதர் ஒன்றின் முன்னால் நின்று, சட்டைப்பையில் இருந்து கொஞ்சம் புகையிலை எடுத்து நிலத்தில் வைத்தார். வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகுதான் இலையில் கை வைத்தார். முதலில் கண்ட செடியில் பறிக்கவில்லை. கண்டதையெல்லாம் பறிக்கவும் இல்லை.

சறோ மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தா. "பாத்தீரே பவானி, கேட்டுப்போட்டுத்தான் எடுக்கினம்."

நிலவறையில் மற்றப் பெண்கள் காத்திருந்தார்கள். சுமாக், ஓக், மேப்பிள், காட்டுத் திராட்சை இலைகளை கறள் பிடித்த இரும்பு ஊறிய தண்ணீரில் தோய்த்துத் துணியில் பரப்பினார்கள். துணியைக் குழாய் ஒன்றில் இறுக்கிச் சுற்றிக் கயிற்றால் கட்டி, பெரிய பானை ஒன்றில் ஆவியில் வைத்தார்கள். கறுப்பு வால்நட் கோது இன்னொரு பானையில் கொதித்தது.

"உது புட்டு அவிக்கிற மாதிரி எல்லே இருக்கு!" என்றா மச்சாள். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பெண்கள் புட்டு என்றால் என்ன என்று கேட்டார்கள். மச்சாள் அடுத்த முறை புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியோடு வருவதாக வாக்குக் கொடுத்தா. கொடுத்தால் செய்கிற ஆள். செய்தா.

கயிற்றை வெட்டித் துணியைப் பிரிக்கிறபோது எல்லோரும் சுற்றி நின்று குனிந்தோம். முதல் இலை தெரிந்தது. ஓக் இலை. ஒரு பூச்சி தின்ற ஓட்டை கூட அப்படியே பதிந்திருந்தது. அந்த ஓட்டையைக் கண்டுதான் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கூவினார்கள். எனக்கு மேல் சிலிர்த்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே கையில் மயிர் குத்திட்டு நின்றது.

நானும் என் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உங்கள் மூதாதையர் ஆயிரம் வருஷமாகச் செய்த கலை" என்று பெரிய எடுப்பில் ஆரம்பித்தேன்.

மேரியன் மறித்தார். "இலையைத் துணியில் வைத்து அவிக்கிறதை நான் ஒரு மாலை வகுப்பில் பழகினேன், பவானி. எங்கள் பெண்கள் முள்ளம்பன்றி முள்ளுக்கும் கூடைக்கும் சாயம் போட்டார்கள். செடிகள் அதே செடிகள். இந்த வேலை என்னுடையது."

நான் வால்நட் பானையை எட்டிப் பார்க்கப் போனேன்.

அந்தப் பெண்களுடைய துணிகள் அதுவரை எங்கே தொங்கின தெரியுமா? நடைபாதைகளில். மாடிப்படிக்குக் கீழே. ஒன்று கழிவறைக்குப் போகிற வழியில். இப்போதுதான், அந்தப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலேயே கட்டிய புதுச் சமூக மண்டபத்தின் முன்சுவரை அவர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாசலால் வருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்க்கிற சுவர். அதற்கான துணிதான் என் மேசையில் கிடந்தது. மூன்று துண்டுகளையும் பொருத்தி, மேலே கம்பி போக இடம் விட்டுத் தைப்பது எங்கள் வேலை.

வாடகைக் கோட்டும் மஞ்சளும்

இனி மச்சாளின் மஞ்சளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புது உடுப்பு உடுக்கமுன் ஒரு மூலையில் மஞ்சள் தொடுவது நம் வீடுகளில் இருக்கிற வழக்கம்தான். மச்சாளிடம் அது வழக்கம் இல்லை, வெறி. கடையில் பிள்ளையார் படத்தடியில் ஒரு சின்னச் சிமிழில் குழைத்த மஞ்சள் எப்போதும் இருக்கும். எந்தத் துணிக்கும் கத்தரி வைக்கமுன் அதில் விரல் தோயும்.

ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிய என் தம்பி, வீட்டோடு ஒரு காரும் வாங்கினான். வெண்ணெய் நிறத்தில் தோல் இருக்கைகள். மச்சாள் ஏறி இருந்து பார்த்துவிட்டு இறங்கியபிறகு, பின்னிருக்கையில் மஞ்சள் பொட்டு. அவன் இன்றைக்கும் மச்சாளை முன்னிருக்கையில்தான் ஏற்றுகிறான்.

இன்னொரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வரவேற்புக்குப் போட வாடகைக்கு ஒரு கோட்டு எடுத்திருந்தார். பட்டன் மாற்றித் தைக்க எங்களிடம் தந்தார்கள். வெள்ளைக் கோட்டு. "வாடகைக் கோட்டு மச்சாள், திருப்பிக் குடுக்கிறது" என்று நான் சொன்னபோது, "அந்தப் பிள்ளைக்கு இண்டைக்குத்தானே முதல்தரம்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டா. பொட்டு அதற்குள் விழுந்துவிட்டது.

மேரியன் செடியிடம் கேட்டுப் பறித்ததைக் கண்ட நாள் தொட்டு, அவரும் தன்னைப் போல ஒரு ஆள் என்று மச்சாள் முடிவு செய்திருந்தா. அந்த அன்பில்தான் விரல் சிமிழுக்குள் போயிருக்கிறது. எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் விளங்கி என்ன பயன்?

சவர்க்காரமும் தேசிக்காயும்

மேரியனைக் கண்டதும் மச்சாள் பதறிப்போனா. நான் தடுக்கமுன் துணியின் மூலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் இருக்கிற தொட்டிக்கு ஓடினா. கட்டிச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தா.

மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பொட்டு சிவந்தது. குங்குமம் கொட்டின மாதிரிச் சிவந்தது.

"ஐயோ பிள்ளையாரே!"

வாசலில் நின்ற ரகு அண்ணை தன் கடைக்கு ஓடி, பாதி வெட்டின தேசிக்காயோடு திரும்பி வந்தார். "தேசிக்காய்ப் புளி விட்டால் சிவப்புப் போகும், இந்தாங்கோ!"

மச்சாள் அதை வாங்கிப் பிழியப் போனா.

"வேண்டாம்!"

மேரியன் கத்தினார். அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. பாய்ந்து வந்து மச்சாளின் கையைப் பிடித்தார். மூலைக்குப் பக்கத்தில் ஒரு சுமாக் இலை, கரிக்கறுப்பாக. அந்தக் கறுப்பு இரும்பில் வந்த கறுப்பு. புளி பட்டால் இலையே அழிந்துவிடும்.

தேசிக்காய் நிலத்தில் உருண்டது. ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.

மேரியன் ஒரு கதிரையில் இருந்தார். மூலையை மடியில் வைத்துப் பார்த்தார். "இது என்ன செடி?" என்று கேட்டார்.

"மஞ்சள்" என்றேன். "கிழங்கு."

"இங்கே வளருமா?"

"வளராது. கடையில் வாங்குவது."

"இந்தத் துணியில் ஒவ்வொரு நிறமும் அந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தது. அப்படித்தான் எங்கள் பெண்களோடு பேசி முடிவெடுத்தோம். ஒன்றுகூட வெளியிலிருந்து வராது என்று." மூலையைத் தடவிக்கொண்டே, "திரும்பச் செய்ய முடியாது. இவை போன இலையுதிர்கால இலைகள். திறப்பு விழாவுக்கு இன்னும் சில கிழமைகள்தான்" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபத்துக்கு எனக்குப் பதில் தெரியும். அவர் அப்படிச் சத்தம் போடாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

மச்சாள் சுவரோரம் நின்று அழுதா. அழுகையோடு அழுகையாக, "வெயில் இருந்தால் போயிடும்" என்றா.

"என்ன?"

"மஞ்சள் வெயிலுக்கு நிக்காது பவானி. உம்மடை மகளின்ரை வெள்ளைக் கராத்தே உடுப்பிலை கறி கொட்டுப்பட, நான் நனைச்சு பல்கனியிலை போட்டு எடுக்கேல்லையே? நீர் குப்பையிலை போடப் போனனீர்."

உண்மைதான். நான் மேரியனிடம் சொன்னேன். நம்பினார் என்று சொல்ல மாட்டேன். நிலவறையில் இருந்த பெண் ஒருவரை, அதே துணியில் மிச்சம் இருந்த ஒரு துண்டை எடுத்து வரச் சொன்னார். அதில் அவரே மஞ்சள் தொட்டு, அவரே சவர்க்காரம் தேய்த்து, அலசி, ஈரத்தோடு எங்கள் ஜன்னல் வெயிலில் ஒட்டிவைத்துவிட்டுப் போனார். அந்தத் துண்டிலும் வால்நட் சாயமும் ஒரு சுமாக் இலையும் இருந்தன. அவற்றுக்கு என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

இரண்டாம் தரம் வந்தபோது துண்டில் மஞ்சள் வெளுத்திருந்தது. இலை கறுப்பாகவே இருந்தது.

"சரி, செய்வோம்" என்றார்.

பார்க்கிங்கில் ஒரு படுக்கை

எங்கள் ஜன்னலுக்கு வெயில் கொஞ்ச நேரம்தான். துணியை வெளியே கொண்டுபோக வேண்டும். பிளாசாவில் வெயில் நன்றாக விழுகிற இடம் ஒன்றே ஒன்று: ரகு அண்ணையின் கடைக்கு நேரே முன்னால் இருக்கிற பார்க்கிங். சனிக்கிழமை நம்முடைய பிளாசாவில் கடைவாசல் பார்க்கிங்கை விட்டுக்கொடுப்பதென்றால் என்னவென்று தெரியும்தானே. சொந்தத் தம்பிக்கும் விட மாட்டார்கள்.

நான் என் காரை வெள்ளெனக் கொண்டுவந்து அதில் விட்டு, பிறகு காரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டேன். துணி முழுவதையும் சுருட்டி மேலே இருட்டுப் போர்வை போட்டு மூடி, அந்த மூலையை மட்டும் ஈரமாக வெளியே விட்டோம். ஏதோ நோயாளி ஒருவர் காலை மட்டும் நீட்டிப் படுத்திருப்பது போலத்தான் இருந்தது. மேரியன் ஒரு பக்கம், மச்சாள் மறுபக்கம். காய்ந்தால் மச்சாள் தண்ணீர் தெளிப்பா. நிழல் வந்தால் மூன்று பேருமாகக் கட்டிலைத் தள்ளுவோம்.

போகிற வருகிற ஆட்கள் கேட்ட கேள்வி கொஞ்சமா? "என்ன அன்ரி, வடகம் காயப் போட்டிருக்கிறியளோ?" என்று ஒருவன். "ஓம், உன்ரை தலையிலை காயப் போடுறன், போடா அங்காலை" என்றேன்.

சிவப்புப் போய் மஞ்சள் ஆனது. மஞ்சள் வெளுத்து எலுமிச்சை நிறம் ஆனது. அப்போது மழை தொடங்கியது. நாள்தோறும் மழை. மச்சாள் வானத்தைப் பார்த்து ஏசிக்கொண்டே தேத்தண்ணி குடித்தா.

மண்டபத்தில் கலை நிகழ்ச்சிகளைப் பொறுப்பாகப் பார்க்கிற கேத்தி என்ற பெண் அப்போதுதான் வந்தார். நல்ல மனுஷி, எப்போதும் சிரித்த முகம். துணி ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்க வந்தவர் மூலையைக் கண்டுவிட்டார். மேரியன் நடந்ததைச் சொன்னார்.

கேத்தி நெஞ்சில் கை வைத்தார். "ஓ! எவ்வளவு அழகான கதை! இதை எடுக்காதீர்கள். அப்படியே இருக்கட்டும். இரண்டு சமூகங்கள், ஒரு துணி! பக்கத்தில் இரண்டு பேருடைய பெயரையும் போட்டு ஒரு பலகை வைப்போம்."

எங்கிருந்தோ ரகு அண்ணை முளைத்தார். பிளாசாக் கடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். "பலகையிலை பிளாசாவின்ரை பேரும் வருமோ எண்டு கேளும் தங்கச்சி."

வரும் என்றார் கேத்தி. போட்டோவும் எடுக்கலாம் என்றார்.

சறோ மச்சாளின் முகத்தை நான் பார்த்தேன். அழுது வீங்கியிருந்த முகத்தில் ஒரு வெளிச்சம். செய்த பிழை பெருமையாக மாறப் போகிறது. அந்தப் பெரிய மண்டபத்தில், தமிழ் மஞ்சள், அவவின் விரலால் வைத்தது. ஆருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது. நம்மை எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவரச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள். இது முன்சுவர்.

மேரியன் சிரிக்கவில்லை. "கேத்தி, ஒரு கதை சொல்கிறேன்" என்றார். "சில வருஷங்களுக்கு முன் வேறொரு கட்டடத்துக்கு நாங்கள் ஒரு துணி கொடுத்தோம். ஒரு நாள் போய்ப் பார்த்தால், அதன் மூலையில் அந்தக் கட்டடத்தின் சின்னத்தைச் சூடு வைத்து ஒட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, ஒரு சின்ன மூலைதானே என்றார்கள். எங்களுடைய எல்லாவற்றிலும் யாரோ ஒருவருக்கு ஒரு சின்ன மூலை வேண்டியிருக்கிறது. சறோவில் எனக்குக் கோபம் இல்லை. அவர் அன்பாகச் செய்தார். ஆனால் இந்தத் துணி எங்கள் நிலம். இதில் வேறு பெயர் வேண்டாம்."

கேத்தி சங்கடப்பட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் தையற்காரர். சொல்லுங்கள், இந்தக் கறை உண்மையில் போகுமா? போகாது என்றால் வேறு வழி இல்லையே. விழாவுக்கு முதல் கிழமை துணி வராவிட்டால் நான் அந்தச் சுவரில் ஒரு போட்டோப் படத்தைத்தான் மாட்ட வேண்டியிருக்கும்."

ரகு அண்ணை என் காதுக்குள் சொன்னார். "போகாது எண்டு சொல்லும். உமக்கென்ன நட்டம்?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போகாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர. அந்த ஒருவருடைய துணி அது.

"போகும்" என்றேன். "போயே தீரும். நான் பொறுப்பு."

வெயில் வந்தது

அன்று பின்னேரம் முழுக்க மச்சாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பட்டன் தைத்தா. கடை பூட்டுகிற நேரம்தான் வாய் திறந்தா.

"பேர் வந்திருக்கும் என்ன?"

"வந்திருக்கும் மச்சாள்."

"அந்த மனிசி பாவம். ஒருத்தரும் ஒரு மூலையும் மிச்சம் விடேல்லை போல கிடக்கு அவையளுக்கு." சிமிழை மூடிப் பிள்ளையாருக்குப் பின்னால் தள்ளி வைத்தா. "விடும். வெயில் வரட்டும்."

வெயில் வந்தது ஒரு சனிக்கிழமை. மழையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டு, கண் கூசுகிற வெயில். நான் காரை முறுக்கிக்கொண்டு பிளாசாவுக்குள் வருகிறேன். சனிக்கிழமைக் காலை! கூட்டம் நெரிகிறது. எனக்கு எங்கே இடம்?

இடம் இருந்தது. ரகு அண்ணையின் கடைவாசலில் ஒரு இடம் அல்ல, பக்கத்துப் பக்கத்தாக மூன்று. செம்மஞ்சள் கூம்புகள் வைத்து மறித்து, நடுவில் ரகு அண்ணையே கதிரை போட்டு இருந்தார். ஒரு வானில் வந்தவர் ஹோர்ன் அடிக்க, "அங்காலை போய் விடு அண்ணை, இஞ்சை வேலை நடக்குது" என்று கையை விசுக்கினார்.

"என்ன அண்ணை, பலகையிலை பேர் இல்லை எண்டு கோவமில்லையே?"

"கோவந்தான்" என்றார். "கட்டிலை இஞ்சாலை போடும். நிழல் வரப்போகுது."

அன்றைக்கு முழு நாளும் வெயில். அடுத்த நாளும். மேரியனின் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ரகு அண்ணை ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார், ஒருவரும் கேட்காமலே. மச்சாள் இரண்டாம் தரமும் புட்டு அவித்தா. ஒரு பெண் மேளம் ஒன்றைத் தட்டிக்கொண்டு மெல்லப் பாடினார். மூலைக்குத் தண்ணீர் தெளிப்பதும், கட்டிலைத் தள்ளுவதும், தின்பதுமாகப் போனது.

பிறகு மேரியன் துணியைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூலையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். விரலால் தடவினார். இங்கே திருப்பினார், அங்கே திருப்பினார்.

"எந்த இடத்தில் இருந்தது?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. மச்சாள் பார்த்தா. கை வைத்தவவுக்கே தெரியவில்லை.

"ஒண்டும் இல்லை!" மச்சாள் கத்திய கத்தலில் மரக்கறிக்கடையில் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். "ஒண்டுமே இல்லை! பவானி, ஒண்டுமே இல்லையடியப்பா!"

மச்சாளும் மேரியனும் பார்க்கிங்கில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரகு அண்ணை ஏனென்று தெரியாமல் கை தட்டினார். அவர் தட்ட எல்லோரும் தட்டினார்கள். ஒன்றுமே இல்லாத ஒரு மூலைக்குக் கை தட்டின பிளாசா உலகத்தில் எங்களுடையதுதான்.

புது உடுப்பு

துண்டுகளைப் பொருத்தி நானும் மச்சாளும் கையாலேயே தைத்தோம். தையல் எங்கே என்று தேடினாலும் காணமாட்டீர்கள். என் வேலையைப் பற்றி நானே பெருமை பேசுவதாக நினைத்தால் நினையுங்கள்.

திறப்பு விழா அன்று காலை, கடை திறக்கமுன்பே மேரியன் வந்து நின்றார். கறுப்புத் துணியில் வண்ண வண்ண ரிப்பன் கரை வைத்த நீளப் பாவாடை. அவர்களுடைய பெண்கள் விசேஷங்களுக்கு உடுப்பது. கீழே அகலமாக வெள்ளை ரிப்பன். தானே இரவிரவாகத் தைத்ததாகச் சொன்னார்.

"சறோ, உங்கள் மஞ்சள் எங்கே?"

மச்சாள் பின்வாங்கினா. "ஐயோ வேண்டாம். நான் தொட மாட்டன். பவானி, சொல்லும் இவவுக்கு!"

"அந்தத் துணி எங்கள் நிலத்துடையது" என்றார் மேரியன். "இந்தப் பாவாடை என்னுடையது. புதுசு. இன்றைக்குத்தான் முதல்முறை உடுக்கிறேன். நான் கேட்கிறேன்."

மச்சாள் என்னைப் பார்த்தா. பிள்ளையாருக்குப் பின்னால் இருந்து சிமிழை எடுத்தா. பாவாடையின் உள்பக்கத்தைத் தேடிக் குனிந்தவவை மேரியன் நிறுத்தி, வெளியே, வெள்ளை ரிப்பனின் மூலையைக் காட்டினார். மச்சாள் விரலைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் தோய்த்தா. பொட்டு வட்டமாக விழுந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. கதவைத் திறந்ததும் எதிரே முன்சுவர். மேலிருந்து கீழ்வரை பள்ளத்தாக்கு முழுவதும் இறங்கி வந்தது. சுமாக், ஓக், காட்டுத் திராட்சை. பக்கத்துப் பலகையில் செடிகளின் பெயர்கள் அவர்கள் மொழியில், கீழே அந்தப் பெண்களின் பெயர்கள். வேறு பெயர் இல்லை. மேளம் அடித்துப் பாடிக்கொண்டு மேரியனும் பெண்களும் நடுவாசலால் உள்ளே வந்தபோது, மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. நான் அழுதேன். ஓம், அழுதேன்தான்.

எல்லோரும் துணியின் நடுவைப் பார்த்தார்கள். நானும் மச்சாளும் மட்டும் வலதுபக்கக் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒண்டும் இல்லை" என்றா மச்சாள் திருப்தியாக.

அப்போது கேத்தி, அதே சிரித்த முகத்தோடு, மேரியனின் தோளைத் தொட்டார். போட்டோக்காரர் ஒருவர் பின்னால் ஆயத்தமாக நின்றார். கேத்தி குனிந்து ரகசியமாகச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"மேரியன், உங்கள் பாவாடையில் ஏதோ மஞ்சள் கறை. போட்டோவுக்கு முதல் துடைத்துவிடட்டுமா?"

மேரியன் பாவாடையை ரிப்பன் நன்றாகத் தெரியும்படி விரித்துப் பிடித்தார். பிறகு போட்டோக்காரரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"கறை இல்லை கேத்தி" என்றார். "புது உடுப்பு."